மரத்தில் எழுத்து வெட்டிய டேரியஸ் வெல்ஸ்

அச்சுக்கலை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் ஜெர்மனி நாட்டு குட்டன்பர்க். பாடப் புத்தகங்களிலும் அவர் பெயரையே படிக்கிறோம். ஆனால் சர்க்கஸ் விளம்பரங்களிலும் நாடக நோட்டீசுகளிலும் சில கொழுத்தும், சில ஒல்லியாய் நெடிதுயர்ந்தும், சில மீன் வால் போல் முனை பிளந்தும் நிற்கின்றனவே அந்த ஆங்கில எழுத்துகள், அவற்றுக்கு வழி திறந்தவர் வேறொருவர். அச்சுத் தொழில் செய்வோர் நன்கறிந்த அமெரிக்கரான டேரியஸ் வெல்ஸ் என்பவரே அவர். அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்ல விழைகிறோம்.

வெல்ஸ் 1800-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே அச்சுத் தொழில் பழகினார். பின்னர் நியூயார்க் நகருக்கு வந்து சேர்ந்தார். அது நல்ல காலம். 1825-இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. உள்நாட்டுத் தானியமும் மரமும் படகுகளில் நகருக்கு வந்து குவிந்தன. கடைக்காரர், ஏலக்காரர், கோச் வண்டிக்காரர், நாடகக் கம்பெனிக்காரர் என எல்லோருக்கும் தம் செய்தியைச் சுவரில் ஒட்ட வேண்டியிருந்தது. அதுவரை அச்சு எழுத்து பெரும்பாலும் புத்தகத்துக்காக, கையில் பிடித்துப் படிப்பதற்காகப் பிறந்தது. இப்போதோ தெருவில் விரைந்து நடப்பவரை நிறுத்த வேண்டும். எனவே எழுத்து பெரிதாக வேண்டும்.

இங்கேதான் அச்சகத்தாருக்குத் துன்பம் தொடங்கியது. ஈயம் கலந்த உலோகத்தில் பெரிய எழுத்தை வார்த்தால் அது ஒரே சீராக ஆறுவதில்லை. ஆறும்போது முகம் குழிந்துவிடும். குழிந்த இடத்தில் மை ஒட்டாது, தாளில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். கை தவறிக் கீழே விழுந்தால் முனை நசுங்கும். பாரமோ சொல்லி முடியாது. உலோக எழுத்து எடைக்கு விற்கப்பட்டதால் விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. சிற்றூரில் ஒரே ஓர் அச்சு இயந்திரத்தை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எப்படி வாங்கும்? பெரிய எழுத்து இல்லையென்றால் விளம்பர வேலை பெரிய அச்சகத்தைத் தேடிப் போய்விடும்.

மரத்தில் எழுத்துச் செதுக்குவது புதிதல்ல. சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். ஐரோப்பாவிலும் அத்தியாயத்தின் முதல் எழுத்தை மரத்தில் செதுக்கி வைத்தார்கள். ஆனால் உளியால் செதுக்கினால் ஒரு எழுத்து முடிவதற்குள் பொழுது போய்விடும். மேலும் ஒரு சுவரொட்டிக்கு ஒரே எழுத்து நான்கைந்து தேவைப்படும். கையால் செதுக்கிய நான்கும் நான்கு விதமாக இருக்கும்.

வெல்ஸ் மேப்பிள் போன்ற கெட்டியான மரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதை நீளவாட்டில் பலகையாக அறுக்காமல், குறுக்கே வட்டமாக அறுத்துப் பயன்படுத்தினார். நம் ஊர் இறைச்சிக் கடைகளில் புளிய மரத்தை வட்டமாக அறுத்துப் போட்டிருப்பார்களே, அதே முறைதான். அந்தக் கட்டை எத்தனை வெட்டு வாங்கினாலும் சிராய் சிராயாகப் பெயர்வதில்லை. நார்கள் செங்குத்தாக நிற்பதே காரணம். அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தையும் அப்படிப்பட்ட மரமே தாங்கும். வெட்டிய கட்டைகளை நெடுநாள் காய வைத்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு இழைக்க வேண்டும். அமெரிக்க அச்சு எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். மர எழுத்து ஈய எழுத்தோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டுமல்லவா? ஒன்று சற்றுத் தாழ்ந்தாலும் தாளில் பதியாது.

1827-இல் அவர் ஒரு இயந்திரத்தை அமைத்தார். வேகமாகச் சுழலும் வெட்டுக் கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தி, எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத மரத்தை எடுத்துவிடும் இயந்திரம் அது. ரூட்டர் என்று அதற்குப் பெயர். சுழலும் கத்தி கூர்மையான உள்மூலைக்குள் போகாது. அந்த இடங்களை மட்டும் கையால் செதுக்கித் திருத்த வேண்டும். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மோகோலில் ஆங்கில எழுத்து வெட்டியவர்களுக்கு, பி, ஆர் ஆகியவற்றின் உள்வயிற்றை எடுப்பது என்ன பாடு என்று தெரியும். வெல்ஸின் ரூட்டர் அந்த வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்தது. 1828-இல் தம் மர எழுத்துகளின் மாதிரிகளை அச்சிட்டு வெளியிட்டார். உலோக எழுத்தின் விலையில் ஏறத்தாழப் பாதிதான் அவர் கேட்டது. சிறிய அச்சகங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் உழைத்தவருக்கே பெருமை முழுவதும் சேர்வதில்லை. 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் என்பவர் வெல்ஸின் ரூட்டரோடு பாண்டோகிராஃப் என்னும் கருவியை இணைத்தார். ஒரு முனையால் படத்தின் கோட்டைத் தடவிச் சென்றால், மறுமுனை அதே படத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ வரையும் கருவி அது. அதை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற இயேசு சபைக் குரு என்பதை அறிந்தபோது எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி உண்டாயிற்று! படம் வரையப் பிறந்த அந்தக் கருவி, இப்போது மரம் வெட்டும் கத்திக்கு வழிகாட்டியது. ஒரே ஒரு மாதிரி எழுத்தை வைத்துக்கொண்டு பல அளவுகளில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வெட்டலாம். அகலமாக்கலாம், ஒடுக்கலாம். வளைவும் பூவும் கொடியும் சேர்ப்பது எளிதாகிவிட்டது. பின்னர் மர எழுத்துத் தொழிலில் இறங்கியவர்களுக்கெல்லாம் இந்த இணைப்பே அடிப்படையாயிற்று.

அலங்காரத்தின் புகழை லெவன்வொர்த்துக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் கொடுப்பது வழக்கம். கொடுக்கட்டும். எனினும் சுழலும் கத்தி இல்லாமல் பாண்டோகிராஃப் என்ன செய்திருக்கும்? தாளில் கோடு போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்! வெல்ஸின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வெல்ஸ் போட்டியைக் கண்டு தொழிலை விட்டுவிடவில்லை. 1839-இல் எபனீசர் வெப் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, வெல்ஸ் அண்டு வெப் என்ற பெயரில் நடத்தினார். நியூஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் அவருடைய எழுத்துகள் செய்யப்பட்டன. அருவி நீரின் வலிமையால் ஆலைகள் ஓடிய நகரம் அது. முதுமையில் தொழிலிலிருந்து விலகிய அவரை, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அதே நகரின் தபால் அதிபராக நியமித்தார். 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். கொலையாளியையும் அவனுக்கு உடந்தையாக இருந்தவர்களையும் பிடிக்க மொத்தம் 100,000 டாலர் பரிசு என்று பெரிய கொழுத்த எழுத்துகளில் சுவரொட்டி வெளியாயிற்று. தம்மைப் பதவியில் அமர்த்தியவரின் மரணச் செய்தியை அப்படிப்பட்ட எழுத்துகளில் கண்டபோது அந்த முதியவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

1875-இல் வெல்ஸ் பேட்டர்சனில் காலமானார். அவர் மகன் ஹீபர் வெல்ஸும் மர எழுத்துத் தொழிலையே செய்தார். வெல்ஸ் இறப்பதற்கு முந்தின ஆண்டு, கனெக்டிகட் மாநிலத்து வில்லியம் பேஜ் இரு நிறங்களில் அச்சிடக்கூடிய மர எழுத்துகளின் மாதிரிப் புத்தகத்தை வெளியிட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கட்டைகள். ஒன்றை ஒரு நிறத்தில் அச்சிட்டு, அதன் மேல் மற்றதை வேறு நிறத்தில் அச்சிட்டால், இரண்டும் சேரும் இடத்தில் மூன்றாவது நிறம் தோன்றும். சேலைக் கரை போன்ற வேலைப்பாடு! விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் ஜே. இ. ஹாமில்டன் 1880-இல் தொடங்கிய கம்பெனி, 1891-இல் பேஜின் தொழிலை விலைக்கு வாங்கிற்று. பழைய மர எழுத்துகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இப்போது அவ்வூரில் இருக்கிறது.

கணினி வந்த பிறகும் இவ்வெழுத்துகள் மறையவில்லை. 1990-இல் அடோபி நிறுவனம் பழைய மர எழுத்துகளைப் பார்த்து ஐந்து கணினி எழுத்துருக்களை வெளியிட்டது. காட்டன்வுட், ஐயன்வுட், ஜூனிபர், மெஸ்கீட், பாண்டரோசா என்று அவற்றுக்கு மரங்களின் பெயர்களையே இட்டார்கள். 1994-இல் வந்த ரோஸ்வுட் என்பதற்கு மூலம், பேஜ் 1874-இல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தில் உள்ள பூ வேலை செய்த எழுத்து.