கும்பப்பேட்டைக்குத் திரும்பி வந்தவர்

பட்டுக்கோட்டையில் பொருளியல் கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களைக் கள ஆய்வுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஒரு முறை பக்கத்துக் கிராமத்தில் நிலவுடைமையாளர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையையே எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். நடவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்று விடை சொன்னார்கள். கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே தொகையைச் சொன்னார்கள். மாலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அவர்களில் ஒருவர் என் மாணவியைத் தனியே அழைத்து வேறொரு தொகையைச் சொல்லிவிட்டுப் போனார். படிவத்தில் எதை எழுதுவது என்று மாணவி கேட்டாள். எனக்கு உடனே விடை வரவில்லை. அன்றிரவு நான் புரட்டியது கேத்லீன் கஃப் எழுதிய நூலை.

தஞ்சை மண்ணைப் பற்றி ஆய்வு செய்வோர் எவரும் தவிர்க்க முடியாத பெயர் அது. 1925-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிர்டன் கல்லூரியில் மானிடவியல் பயின்றார். முனைவர் பட்ட மாணவியாக 1947-இல் மலபாருக்கு வந்து, நாயர் சமூகத்தின் மருமக்கள் தாய முறையை ஈராண்டுகள் ஆராய்ந்தார். நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே, நேற்றுவரை ஆண்ட தேசத்திலிருந்து கேள்விகளோடு வந்த மாணவி! அந்த நிலையின் சங்கடம் அவரைக் கடைசிவரை விடவில்லை என்றே நினைக்கிறேன்.

பட்டம் பெற்றபின் 1951-இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, 1953 வரை இரண்டு கிராமங்களில் அடுத்தடுத்துத் தங்கினார். ஊராரின் நலன் கருதி அவற்றுக்குக் கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயர் சூட்டினார். முன்னது மாவட்டத்தின் வடமேற்கே இருந்த அக்ரகார கிராமம். பின்னது கிழக்கே, நாகப்பட்டினம் பக்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் வேரூன்றியிருந்த ஊர். இரண்டுமே பழைய டெல்டாவைச் சேர்ந்தவை. 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாயை நம்பிய எங்கள் பட்டுக்கோட்டைப் பகுதியின் கதை வேறு. என் மாணவர்கள் அதைச் சொல்லி அவர் நூலைப் படிக்காமல் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

அவர் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். முதல் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தது. 1952-இல் ராஜாஜி அரசு, தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த வயலை உழுவது யார், உனக்கு எத்தனை மரக்கால் நெல் கிடைக்கிறது என்ற கேள்விகள் அதுவரை ஊர்ப்பேச்சாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டில் அவை வழக்காகக்கூடியவை. விடை சொன்ன பண்ணையாளுக்கு வேலையே போகலாம். அக்ரகாரத்துக்கும் சேரிக்கும் இடையே வயலும் வாய்க்காலும் மட்டுமா இருந்தன? ஆய்வாளர் யார் வீட்டுப் படியேறினார் என்பதை ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்தாறு வயது அயல்நாட்டுப் பெண் அங்கேதான் குறிப்பேட்டைத் திறந்தார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து 1950-களில் அவர் எழுதிய கட்டுரைகள் புகழ்பெற்றவை. சாதி, உறவுமுறை, சடங்கு ஆகியவற்றை அக்காலத்துப் பிரிட்டிஷ் மானிடவியல் மரபில் நுணுக்கமாக விளக்குபவை. ஆனால், முழு நூல் வரவில்லை. வாழ்க்கை அவரை வேறு திசைகளில் இழுத்தது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் அமெரிக்க அரசை எதிர்த்து மாணவர் கூட்டத்தில் பேசினார். நிர்வாகத்தின் பகையைத் தேடிக்கொண்டு அடுத்த ஆண்டு வெளியேறினார். பிறகு ஓரிகன். மாணவர்களின் மதிப்பெண்கள் வியட்நாம் போருக்கு ஆளெடுக்கப் பயன்படுவதை ஏற்காமல், கணவர் டேவிட் ஏபர்லியுடன் 1967-இல் கனடா சென்றார். அங்கும் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகப் போராட்டத்தில் வேலை போயிற்று. 1968-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, மானிடவியலே ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று தம் துறையைக் கூண்டில் நிறுத்தியது. அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தம்மையும் அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

பலர் இவ்வளவோடு நின்றுவிடுவார்கள். கஃப் 1976-இல் அதே இரண்டு கிராமங்களுக்குத் திரும்பி வந்தார். இடைப்பட்ட காலத்தில் தஞ்சை எவ்வளவோ கண்டிருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. முப்பது ஏக்கர் பதினைந்தானது. ஏடிடீ 27 நெல் வந்தது, உரம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான். விளைச்சல் பெருகியிருந்தது, அறுத்துக் குவித்தவர்களின் வாழ்வு அதற்கு ஈடாக உயரவில்லை என்பதை அவர் கண்டார்.

1951-ஆம் ஆண்டுக் குறிப்புகளை முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1981-இல் நூலாக்கியபோது, அதே ஊரை அவர் வேறு விதமாக எழுதினார். நிலம் யாருடையது, நெல் யார் வீட்டுக்குப் போகிறது, உழைப்பவருக்கு மிஞ்சுவது என்ன என்பவையே இப்போது நடுவில் இருந்தன. இளமையில் எழுதியதைத் திருத்தி எழுதும் துணிவு பேராசிரியர்களுக்கு எளிதில் வருவதன்று. என் அனுபவமும் அதுவே. அவருடைய மார்க்சிய முடிவுகள் எல்லாவற்றோடும் நான் உடன்படுவதில்லை. சட்டங்கள் மெல்ல உண்டாக்கிய மாற்றங்களை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்பது என் எண்ணம். ஆனால், அவரை மறுக்கவும் அவர் தந்த அட்டவணைகளையே நாட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வருகையின் நூல் 1989-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், வான்கூவரில் புற்றுநோயால் அவர் காலமானார்.

என் மாணவியின் படிவத்தில் இரண்டு தொகைகளையும் எழுதச் சொன்னேன். எது எங்கே சொல்லப்பட்டது என்பதையும் ஓரத்தில் குறிக்கச் சொன்னேன். அந்தக் கட்டு இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. பேருந்தில் போனால் அரை மணி நேரம்தான். ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகளாகியும் அந்த ஊருக்கு நான் திரும்பிப் போகவில்லை.