தோற்றும் வளர்ந்தவர் - அறிஞர் அண்ணா



குன்றத்தூரில் பஸ் ஏறினால் ஒரே காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர் காஞ்சிபுரம். நம்ம மாவட்டத்தின் தலைநகர். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன அந்த ஊர் தமிழ்நாட்டுக்கு ஒரு முதலமைச்சரையும் தந்தது. அவர்தான் சி. என். அண்ணாதுரை. அண்ணா சாலை, அண்ணா நகர், அண்ணா பல்கலைக்கழகம் என்று தினமும் அவர் பேரைச் சொல்கிறோம். ஆனால் அவர் எந்தெந்தத் தேர்தலில் தோற்றார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். தோல்வியை அவர் எப்படி எடுத்துக்கொண்டார், ஜெயித்த பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

தறி வீட்டுப் பிள்ளை

1909 செப்டம்பர் 15-ல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வசதி இல்லை. பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு மீண்டும் படித்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்தார். குடும்பக் கஷ்டத்தால் படிப்பு நின்றுபோய் மறுபடியும் தொடர்ந்தவர்கள் நம்ம வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆறுதல்.

1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். வாழ்க்கை அந்தப் பக்கம் திரும்பியது. 1930-களின் நடுவில் நீதிக்கட்சி சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்றார். தோற்றார். முதல் தேர்தலே தோல்வி! 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றார். 1942-ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார்.

நம்ம ஊரோடு ஒரு சண்டை

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்தது நம்ம குன்றத்தூரில்தான். அந்தப் பெரியபுராணத்தையும் கம்பராமாயணத்தையும் தீயிலிட வேண்டும் என்று 1943-ல் மேடையேறி வாதாடியவர் அண்ணா. எதிரில் நின்றவர்கள் ரா. பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். அவர்கள் லேசான ஆட்களா? ஆனாலும் கல் வீச்சு இல்லை, கலாட்டா இல்லை. கூட்டம் இரண்டு பக்கத்தையும் கேட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பரைப் பற்றிக் கடைசியில் ஒரு செய்தி வருகிறது.

போட்டியிடலாமா, வேண்டாமா?

1949 செப்டம்பர் 17-ல் பெரியாரிடமிருந்து பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். தனி நாடு கேட்ட கட்சி அது. 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அது நிற்கவே இல்லை. தேர்தலில் நிற்கலாமா என்று முடிவெடுக்க 1956-ல் திருச்சி மாநாட்டில் அண்ணா ஒரு காரியம் செய்தார். தலைவர் சொன்னால் முடிந்தது என்று விடாமல், வந்திருந்தவர்களையே ஓட்டுப் போடச் சொன்னார். பெரும்பான்மையினர் நிற்கலாம் என்றார்கள். அதன் பிறகே கட்சி தேர்தல் களத்தில் இறங்கியது.

1957-ல் கிடைத்தது 15 இடங்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவும் ஜெயித்துச் சட்டமன்றம் சென்றார். 1962-ல் அது 50 இடங்களாக உயர்ந்தது. ஊரெல்லாம் கட்சி வளர்ந்தது. ஆனால் கட்சியை வளர்த்தவர் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே காங்கிரஸ் வேட்பாளர் எஸ். வி. நடேச முதலியாரிடம் தோற்றுப்போனார்! மற்றவர்களாக இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாவோ மாநிலங்களவைக்குப் போய், டெல்லியிலேயே தன் வாதத்தை எடுத்து வைத்தார்.

அதே 1962 கடைசியில் சீனப் போர் வந்தது. பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்தி வைத்தார். 1963-ல் அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. தனி நாடு கோரிக்கையையே கட்சி கைவிட்டது. கொள்கையை விட்டுவிட்டார் என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பின் அவர் கேட்டது மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம். கடைசி மூச்சு வரை அதைக் கேட்டார்.

1967: கணக்குப் போட்டு ஜெயித்த தேர்தல்

அரிசித் தட்டுப்பாடு, 1965 மாணவர் கிளர்ச்சியின் காயம்... ஆளுங்கட்சி மேல் கோபம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் போதுமா? ஓட்டு சிதறினால் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். அதனால் மொத்தம் 234 தொகுதிகளில் 174-ல் மட்டும் தி.மு.க. நின்றது. மிச்சத்தைக் கூட்டணிக்கு விட்டது. அந்தக் கூட்டணியைப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, இன்னொரு பக்கம் மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக்! எந்த ராஜாஜியின் ஆட்சியில் 1938-ல் சிறைக்குப் போனாரோ, அதே ராஜாஜியோடு ஒரே மேடை!

நம்ம பக்கத்துப் பரங்கிமலைத் தொகுதியில் எம்.ஜி.ஆர். நின்றார். 1967 ஜனவரி 12-ல் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார். அண்ணா தென் சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தார். காங்கிரசுக்குக் கிடைத்த ஓட்டு சுமார் 41 சதவீதம். தி.மு.க.வுக்கும் கிட்டத்தட்ட அதேதான், ஒரு துளி குறைவு. ஆனால் இடங்கள்? தி.மு.க. 130-க்கும் மேல், காங்கிரஸ் சுமார் 50! தொகுதியில் முதலில் வருபவரே ஜெயித்தவர் என்ற முறையில், எத்தனை ஓட்டு என்பதோடு அவை எங்கே விழுகின்றன என்பதும் முக்கியம். மற்றவர்கள் கோஷம் போட்ட நேரத்தில் அண்ணா இந்தக் கணக்கைப் போட்டார்.

விருதுநகரில் காமராஜர் தோற்றார். அந்தத் தோல்வி அண்ணாவுக்கு மகிழ்ச்சி தரவில்லை. தோற்ற வலி தெரிந்தவர் அல்லவா?

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு...

1967 மார்ச் 6-ல் முதலமைச்சர் ஆனார். எம்.பி. பதவியை விட்டுவிட்டு, அப்போதிருந்த மேலவையின் உறுப்பினரானார். சரி, ஜெயிச்சாச்சு. அப்புறம்? ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லியிருந்தார்களே! சென்னையிலும் கோவையிலும் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுவதும் கொடுக்கக் கஜானாவில் பணம் இல்லை. திட்டம் நின்றது. மேடைக்கும் கஜானாவுக்கும் உள்ள தூரத்தை அந்த அரிசி காட்டிவிட்டது.

செய்து காட்டியதும் உண்டு. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967-ல் சட்டம். 1968 ஜனவரி 23-ல் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். 1969 ஜனவரி 14 பொங்கலன்று 'தமிழ்நாடு' என்ற பெயர். கறையும் உண்டு. 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் கூலி கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டதும் இந்த ஆட்சியில்தான். அதை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்வது நேர்மை ஆகாது.

1968-ல் வெளிநாட்டுப் பயணம் போனவர் ரோமுக்கும் போனார். போப்பாண்டவரைச் சந்தித்து, போர்த்துக்கல் சிறையில் இருந்த கோவா விடுதலை வீரர் மோகன் ரானடேவுக்காகப் பரிந்து பேசினார். ரானடே 1969-ல் விடுதலையானார். அண்ணா போன அந்த 1968-ல்தான் இத்தாலியும் தன் மாநிலங்களுக்குத் தேர்தல் நடத்தச் சட்டம் போட்டது. 1948 அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தும், சிசிலி போன்ற ஐந்து தனி அந்தஸ்து மாநிலங்கள் நீங்கலாக, மற்ற 15 மாநிலங்கள் முதல் ஓட்டைப் போட 1970 வரை காத்திருந்தன. அங்கே ஓட்டு விகிதப்படி இடம். டெல்லியோ ரோமோ, அதிகாரத்தைப் பங்கிட அவசரப்படுவதில்லை!

புற்றுநோய் அவரை விடவில்லை. நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை. 1969 பிப்ரவரி 3-ல் காலமானார். வயது 59. ஆண்டது இரண்டு வருஷம்கூட இல்லை. இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

இப்போது கம்பர் செய்திக்கு வருவோம். 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று கம்பருடையது. யாருடைய காவியத்தை எரிக்கச் சொன்னாரோ, அவருக்கு அண்ணாவின் ஆட்சியிலேயே சிலை! கட்சி மேடையில் ஒரு பக்கத்துக்காகப் பேசலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் ஓட்டுப் போடாதவருக்கும் சேர்த்துத்தான் ஆள வேண்டும்.

நண்பர்களே, நம்ம யூனியன் தேர்தலும் ஆண்டுதோறும் வருகிறது. தோற்ற பேனலோடு ஜெயித்த பேனல் பேசாமலே ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் வாக்குறுதி பறக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்கப் போகும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். தோற்றால் நாளைக்கும் வேலை செய்வேனா? சொன்னதைச் செய்யக் கையில் காசு இருக்கிறதா? எனக்குப் போடாதவனும் என்னிடம் வந்து கேட்க முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், தைரியமாக நில்லுங்கள்!