யோசனையை எங்கே நிறுத்துவது? – அலன் டூரிங்கின் கணக்கு

நித்திரை வராத இரவுகளில் நான் கைத்தொலைபேசியில் சதுரங்கம் விளையாடுவேன். சில நகர்வுகளுக்கு அது உடனே பதில் தருகிறது. சிலவற்றுக்கு நேரம் எடுக்கிறது. யோசித்தது போதும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விதான் என்னை அலன் டூரிங்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1912 இல் லண்டனில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் சிவில் சேவை அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருக்க, பிள்ளை இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் இருந்து ஜேர்மன் கடற்படையின் இரகசியக் குறியீடுகளை உடைத்தார். அதை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இருக்கவில்லை.

1948 இல் நண்பர் டேவிட் சம்பர்னோனுடன் சேர்ந்து, இயந்திரம் சதுரங்கம் விளையாடுவதற்கான விதிகளை வகுத்தார். 1952 இல் தானே அந்த இயந்திரமாகி, தாளில் கணக்குப் போட்டு அலிக் கிளெனியுடன் விளையாடினார். ஒரு நகர்வுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம். ஆட்டத்தில் தோற்றார்.

ஆனால் விதி நிலைத்தது. தன் நகர்வையும் எதிராளியின் பதிலையும் முழுதாகப் பார். அதற்கு அப்பால் காய்கள் வெட்டுப்படும் வழிகளை மட்டும் தொடர். வெட்டு ஓய்ந்த பிறகே காய்களை எண்ணு. ராணி ஒரு சிப்பாயை வெட்டியதோடு எண்ணினால் இலாபம் போலத் தெரியும். அடுத்த நகர்வில் ராணியே போய்விடலாம்.

இன்றைய நிரல்களும் இந்த வழியில்தான் வந்தன. நகர்த்த ஒரே வழி இருந்தால் அவை யோசிப்பதில்லை. ஆழமாகப் பார்க்கப் பார்க்க அதே நகர்வே சிறந்ததாக வந்தால் சீக்கிரம் முடிக்கின்றன. பதில் மாறிக்கொண்டே இருந்தால் கூடுதல் நேரம் எடுக்கின்றன.

அதே 1952 இல், ஓர் ஆணுடனான உறவுக்காக நீதிமன்றம் டூரிங்கைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதிலாக உடலில் ஹோர்மோன் ஏற்றினார்கள். 1954 யூன் 7 அன்று, 41 வயதில், சயனைட் நஞ்சால் இறந்தார். நாட்டுக்கு அவர் செய்த பணி 1970களில்தான் வெளியே வந்தது. அரச மன்னிப்பு 2013 இல் கிடைத்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

வெட்டு ஓயும்வரை எண்ணாதே என்று இயந்திரத்துக்குச் சொன்னவரின் கணக்கை, ஆட்டத்தின் நடுவிலேயே முடித்துவிட்டார்கள். அப்படிக் கணக்கு முடிப்பவர்களை நாங்களும் கண்டிருக்கிறோம்.