கல்லையும் படித்த கவிமணி

குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. இது எல்லோருக்கும் தெரியும்.

அவர் இன்னொரு காரியத்திலும் வல்லவர். அது, ஊரார் மறந்துபோன எழுத்தைப் படிப்பது!

தாய் வளர்த்த பிள்ளை

சுசீந்திரத்தை அடுத்த தேரூரில், 1876-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி.

ஒன்பது வயதில் தந்தை காலமாகிவிட்டார். தாயார்தான் அவரை வளர்த்தார்.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதனால் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளம். தமிழை வாணன்திட்டு மடத்தில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் போய்க் கற்றுக்கொண்டார்.

1901-ம் ஆண்டில் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் உபாத்தியாயராக இருந்தார். பிறகு திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தார்.

வட்டெழுத்து

அந்தக் காலத்திலேயே அவர் கல்வெட்டுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் தமிழை வட்டெழுத்தில் எழுதினார்கள். அதில் கோடுகள் வளைந்து வளைந்து போகும். சில எழுத்துகள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும். புள்ளியும் இராது. படிப்பவர் திணறிப்போவார்!

ராஜராஜ சோழன் இந்தப் பகுதியை வென்றான். கோட்டாறு, மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் பெற்றது. சோழர்கள் எழுதியது வேறு எழுத்து. நாம் இன்று எழுதுவது அதன் வழி வந்ததே. பாண்டிய நாட்டில் வட்டெழுத்து மெல்ல மறைந்தது. திருவிதாங்கூரில் மட்டும் இன்னும் பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது.

எழுத்து மறைந்தால் என்ன நஷ்டம்? யார் நிலம் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பது சுவரில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

லிடியாவின் கதி

இன்றைய துருக்கியில் முன்பு லிடியா என்று ஒரு நாடு இருந்தது. உலகில் முதன்முதலில் நாணயம் அடித்தவர்களில் அந்த நாட்டினரும் உண்டு. அவர்களுக்குத் தனி மொழியும் தனி எழுத்தும் இருந்தன. இரண்டும் அழிந்தன. அக்கம்பக்கத்தில் பேசப்பட்ட லிசியா, காரியா மொழிகளும் அழிந்தன.

1912-ம் ஆண்டு அதன் தலைநகரான சார்டிசில் ஒரு கல் கிடைத்தது. லிடிய மொழியில் இருந்த செய்தியே அராமிய மொழியிலும் அதில் வெட்டப்பட்டிருந்தது. அராமியம் அறிஞர்களுக்குத் தெரியும். அதைக்கொண்டு மற்றதற்குப் பொருள் கண்டார்கள். இன்னும் பொருள் தெரியாத சொற்கள் ஏராளம்.

வட்டெழுத்து அவ்வளவு தூரம் போகவில்லை. எழுத்து மறைந்தது, மொழி பிழைத்தது.

ஒரு சொல், இரண்டு பொருள்

படித்தால் மட்டும் போதாது. பொருளும் காண வேண்டும்.

ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கலம் என்றால் கப்பல். ஆகவே அவன் கப்பல்களை அழித்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதினார்கள்.

கவிமணி யோசித்தார். உண்ணும் பாத்திரமும் கலம்தானே! சாலை என்பது சோறு போடும் இடமாயிற்றே! அங்கே நடந்த சாப்பாட்டை அரசன் நிறுத்தினான் என்று அவர் வாதாடினார். இதைப்பற்றித் தனி நூலே எழுதினார். அறிஞர்களிடையே அந்த விவாதம் நீண்டது.

செல் அரிக்கும் முன்னே

அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டில் கட்டுக் கட்டாகப் பழைய ஓலைகள் கிடந்தன. வரி, நிலம், ஊர்க் காரியம் எல்லாம் அவற்றில் இருந்தன. மனிதரை அடிமையாக விற்ற ஓலைகளும் உண்டு. கவிமணி அவற்றின் அருமையை உணர்ந்தார். பலவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தார். நாஞ்சில் நாட்டு மக்களின் பழைய வாழ்க்கை இப்படி வெளியே தெரிந்தது.

1931-ல் அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுப் புத்தேரியில் தங்கினார். 1940-ல் கவிமணி என்ற பட்டம் வந்தது. 1954-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி காலமானார். கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. அதைக் காண அவர் இல்லை.

கோட்டாற்றுப் பக்கத்துக் கோயில்களில் இன்றும் கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லோராலும் அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசாமலும், உளி வைக்காமலும் காப்பது எல்லோராலும் முடியும்!