கைக்குழந்தையோட தீம் பார்க் டூரா? கிளம்புறதுக்கு முன்னாடி வால்ட் டிஸ்னியோட கதையைப் படிங்க!

மூத்தவனுக்கு நாலு வயசு, சின்னதுக்கு எட்டு மாசம். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டாச்சு. ஆனா ஒரு கேள்வி மட்டும் வீட்டில் ஓடிக்கிட்டே இருக்கும். பெரியவன் ரைடு ஏறும்போது சின்னதை யார் வச்சுக்கிறது? ஒருத்தர் கியூவில் நிற்க, இன்னொருத்தர் வெளியே பெஞ்ச்சில் பால் பாட்டிலோட உட்கார்ந்திருக்க, இதுக்காகவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்னு தோணிடும்.

இதே மாதிரி ஒரு பெஞ்ச்சில் சலிப்போடு உட்கார்ந்திருந்த ஒரு அப்பாவிடம் இருந்துதான் டிஸ்னிலேண்டே ஆரம்பிச்சது. அவர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸை உருவாக்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் ஒரு பூங்கா கட்டினார், அதில் கைக்குழந்தை வச்சிருக்கிற குடும்பத்துக்கு என்ன இருக்கு என்பதைப் பார்க்கலாம்.

விளையாட நேரமில்லாத சிறுவன்

1901 டிசம்பர் 5-ம் தேதி சிகாகோவில் பிறந்தவர் வால்ட். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. அப்பா எலியாஸ் ரொம்பக் கண்டிப்பானவர். தச்சு வேலை, விவசாயம் என்று பல தொழில் செய்து பார்த்தும் எதிலும் நிலைக்கவில்லை. 1906-ல் குடும்பம் மிசௌரி மாநிலத்தின் மார்சலைன் என்ற சின்ன ஊருக்குப் போனது. ரயில் பாதை, பண்ணை, ஆப்பிள் மரங்கள் என்று வால்ட்டின் மகிழ்ச்சியான காலம் அதுதான். பிற்காலத்தில் டிஸ்னிலேண்டுக்குள் நுழைந்ததும் வரும் கடைத்தெருவுக்கு அந்த ஊர்தான் மாதிரி.

1911-ல் பண்ணையை விற்றுவிட்டு கன்சாஸ் சிட்டிக்கு வந்தார்கள். அப்பா செய்தித்தாள் ஏஜென்சி எடுத்தார். போடுறது யார்? வால்ட்டும் அண்ணன் ராயும்தான். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, பனியிலும் வீடு வீடாகப் பேப்பர் போட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போகணும். அப்பா சம்பளமும் கொடுக்கவில்லை. அதே ஊரில் எலெக்ட்ரிக் பார்க் என்று விளக்குகள் ஜொலிக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. வேலை முடிந்து தூக்கம் சொக்கும் ஒரு பையனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்த இருபது வருஷக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் வயசைக் கூட்டிச் சொல்லி செஞ்சிலுவைச் சங்க வண்டி ஓட்ட பிரான்ஸ் போனார். திரும்பி வந்து தொடங்கிய முதல் கார்ட்டூன் கம்பெனி திவாலானது. 1923-ல் ஹாலிவுட் வந்து அண்ணன் ராயுடன் ஸ்டுடியோ ஆரம்பித்தார். 1928-ல் மிக்கி, 1937-ல் ஸ்னோ ஒயிட். அதன்பிறகு உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்த அப்பா

1925-ல் லில்லியனைக் கல்யாணம் செய்தார் வால்ட். குழந்தைக்காகப் பல வருஷம் காத்திருந்தார்கள். 1933 டிசம்பரில் டயான் பிறந்தாள். அடுத்த மகள் ஷாரன் 1936-ன் கடைசி நாளில் பிறந்தவள், தத்துப்பிள்ளை. இரண்டு பேருக்கும் மூணு வயசு வித்தியாசம். இன்னைக்கு டூர் போற பல குடும்பங்களோட கணக்கும் இதுதான்.

பிரபலங்களின் குழந்தைகள் கடத்தப்பட்டு விடுவார்களோ என்று அமெரிக்காவே பயந்த காலம் அது. அதனால் மகள்களின் போட்டோ பத்திரிகைகளில் வராமல் பார்த்துக்கொண்டார். அப்பாதான் அந்த வால்ட் டிஸ்னி என்பதே கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் டயானுக்குத் தெரியும்.

வாரம் பூரா ஸ்டுடியோ, வார இறுதியில் மகள்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பார்க்கில் இருக்கும் குதிரை ராட்டினத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். இவர் பெஞ்ச்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். குழந்தைக்கு ஒரு உலகம், பெற்றோருக்கு ஒரு பெஞ்ச். பெரியவங்களும் குழந்தைகளும் சேர்ந்து அனுபவிக்க ஒரு இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அங்கேதான் வந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

லில்லியனுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. அன்றைய அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் குப்பையும் அழுக்கும் முரட்டு ஊழியர்களும்தான் அதிகம். அது ஒரு தாயின் நியாயமான தயக்கம். ஆனால் 1951-ல் கோபன்ஹேகனில் டிவோலி தோட்டத்தைப் பார்த்தபோது, பூக்களும் விளக்குகளுமாகச் சுத்தமான பூங்கா நடத்த முடியும் என்பது வால்ட்டுக்கு உறுதியானது.

வீட்டை விற்று, இன்ஷூரன்ஸை அடகு வைத்து...

பணம்தான் பிரச்னை. கம்பெனியின் கணக்கைப் பார்த்தவர் அண்ணன் ராய். அவரே முதலில் தயங்கினார். வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்ஸில் இருந்த விடுமுறை வீட்டையும் விற்றார். கடைசியில் கைகொடுத்தது டிவி. ஏபிசி சேனலுக்கு வாராவாரம் நிகழ்ச்சி தயாரித்துத் தருகிறேன், பதிலுக்குப் பூங்காவில் முதலீடு செய்யுங்கள் என்று ஒப்பந்தம் போட்டார். ஏபிசி 5 லட்சம் டாலர் போட்டது, கடனுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. சினிமாக்காரர்கள் டிவியை எதிரியாகப் பார்த்த நேரத்தில் எடுத்த முடிவு இது.

அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கி, ஏறக்குறைய ஒரே வருஷத்தில் கட்டி முடித்தார்கள். செலவு சுமார் 1.7 கோடி டாலர்.

கட்டிய விதத்தில்தான் அந்த அப்பா தெரிகிறார். வாசல் ஒன்றே ஒன்று. நடுவில் கோட்டை, எங்கே நின்றாலும் அடையாளம் தெரியும். கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்ற குழப்பம் இல்லை. சுற்றிலும் மண்மேடு எழுப்பி வெளியுலகம் கண்ணில் படாமல் செய்தார். பொதுமக்களுக்கு மது விற்பனை அப்போது கிடையாது. குப்பை கீழே விழுந்த கொஞ்ச நேரத்தில் எடுக்க ஆள். அப்பா அம்மாவும் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து போகிற ரயில், இருட்டு அறை ரைடுகள்.

முதல் நாளே சொதப்பல்

1955 ஜூலை 17. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் போலி டிக்கெட் அடித்துப் பலர் உள்ளே வர, கூட்டம் 28,000-ஐத் தாண்டியது. வெயில் கிட்டத்தட்ட 38 டிகிரி செல்சியஸ். புதுசாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் செருப்பு அதில் சிக்கியது. பிளம்பர்கள் ஸ்ட்ரைக்கால் குடிதண்ணீர்க் குழாய், டாய்லெட் இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. வால்ட் டாய்லெட்டைத் தேர்ந்தெடுத்தார். குழந்தையோடு வந்தவர்கள் வெயிலில் தண்ணீருக்கு அலைந்தார்கள். இதெல்லாம் நடக்கும்போது ஏபிசியில் நேரலை வேறு. தொகுப்பாளர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன்!

பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. இரண்டு மாசம் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. திறப்பு விழா அன்று டயானுக்கு 21 வயசு, ஷாரனுக்கு 18. அந்தக் குதிரை ராட்டினக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். யாருக்காக யோசித்தாரோ அவர்களுக்கு அது சரியான வயசில் கிடைக்கவில்லை. ஆனால் டயானுக்குக் கல்யாணம் ஆகி 1954 டிசம்பரில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. பூங்கா திறந்தபோது தாத்தா வால்ட்டின் முதல் பேரனுக்கு ஏழு மாசம்.

சரி, கைக்குழந்தையோடு போனா என்ன செய்யணும்?

முதலில் ஒன்றை ஒத்துக்கணும். எல்லா ரைடும் எல்லோருக்கும் இல்லை. வால்ட் இருக்கும்போதே 1959-ல் மேட்டர்ஹார்ன் என்ற ரோலர் கோஸ்டர் வந்துவிட்டது. அதில் ஏற இப்போது 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. உயரம் வேணும். நாலு வயசுக் குழந்தைகள் பலரும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருப்பார்கள். ஊரிலேயே அளந்துட்டுப் போங்க. அங்கே கியூவில் வச்சு அளந்து திருப்பி அனுப்பினா குழந்தை அழுறதைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும்.

பெஞ்ச் பிரச்னைக்கும் ஒரு வழி இருக்கு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இதற்குப் பெயர் ரைடர் ஸ்விட்ச். ஒருவர் கைக்குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ரைடு போய் வருவார். பிறகு காத்திருந்தவர் மறுபடி முழு கியூவில் நிற்காமலே ஏறலாம். ஆனா ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்கணும். கேட்காததால் இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

கைக்குழந்தையைக் கையிலேயே வச்சுக்கிட்டு ஏறக்கூடியதும் இருக்கு. பூங்காவைச் சுற்றும் ரயில், 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகு இரண்டுக்கும் உயரக் கட்டுப்பாடு இல்லை. படகு ரைடு 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் அரங்குக்காக வால்ட் டீம் செய்தது. 1966-ல் டிஸ்னிலேண்டுக்கு வந்தது. வெயில் நேரத்தில் குளுகுளுன்னு உட்காரவும் அது நல்ல இடம்.

உயரக் கட்டுப்பாடு இல்லைன்னா பயம் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. 1955-ல் ஸ்னோ ஒயிட் ரைடில் சூனியக்காரி பொம்மை பல குழந்தைகளை அழ வச்சது. கடைசியில் எச்சரிக்கைப் பலகை வைக்கும் அளவுக்குப் போனது. இருட்டுக்குப் பயப்படுகிற குழந்தைன்னா முதலில் திறந்தவெளி ரைடில் இருந்து தொடங்குங்க.

பெரும்பாலான டிஸ்னி பூங்காக்களில் 3 வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. வயசைக் கணக்கிடுவது பூங்காவுக்குள் போகும் தேதியை வச்சு. மூணாவது பிறந்தநாளுக்கு முன்னாடி போறதா, பின்னாடியா என்பதில் ஒரு டிக்கெட் காசே இருக்கு. பால் கொடுக்க, டயாப்பர் மாற்ற பேபி கேர் சென்டர் என்று தனி அறைகள் உண்டு. உள்ளே போனதும் மேப்பில் முதலில் தேட வேண்டியது அதைத்தான், மிக்கியை அப்புறம் பார்த்துக்கலாம்.

முதல் நாள் கதையை மறந்துடாதீங்க. மதிய வெயிலில் தார் ரோட்டில் ஸ்ட்ரோலர் தள்ளுவது பெரியவங்களுக்கே தண்டனை. காலையில் கேட் திறக்கும்போது போய், மதியம் ஹோட்டலுக்கு வந்து குழந்தையைத் தூங்க வச்சு, சாயங்காலம் திரும்பப் போறவங்கதான் ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் தாக்குப்பிடிக்கிறாங்க. அந்தச் சத்தத்துக்குக் கைக்குழந்தைக்குக் காது மூடும் ஹெட்போன் எடுத்துக்கிட்டா நல்லது. பாரிஸ் போறவங்க ஈபிள் டவரையும் டிஸ்னிலேண்டையும் ஒரே நாளில் போடாதீங்க. பூங்கா நகரத்தில் இருந்து சுமார் 32 கி.மீ. தள்ளி இருக்கு.

கடைசி வருஷங்கள்

வால்ட்டைப் பற்றி இனிப்பாக மட்டும் சொல்லிவிட முடியாது. 1941-ல் அவரது ஸ்டுடியோ ஊழியர்கள் ஸ்ட்ரைக் செய்தபோது கடுமையாக நடந்துகொண்டார். அந்தக் கசப்பு பலருக்குக் கடைசிவரை போகவில்லை. ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். நுரையீரல் புற்றுநோய் வந்து, 65 வயசு முடிந்த பத்தாவது நாள், 1966 டிசம்பர் 15-ம் தேதி இறந்தார். அப்போது ஃபுளோரிடாவில் வாங்கிய நிலத்தில் இரண்டாவது பூங்காவுக்கான திட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய் அதைத் தள்ளிப்போட்டு, 1971 அக்டோபர் 1-ல் பூங்காவைத் திறந்தார். தம்பியின் முழுப்பெயர் இருக்கணும் என்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்டு' என்று பெயர் வைத்தார். அதே டிசம்பரில் ராயும் இறந்தார்.

அந்த கிரிஃபித் பார்க் பெஞ்ச்களில் ஒன்று கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கத்தான் முடியும், உட்கார முடியாது. குழந்தைக்குப் பால் கொடுக்கணும்னா வெளியே வேற பெஞ்ச் நிறைய இருக்கு.