மாத்திரையில் பெயர் இல்லாத மனிதர்

மும்பை பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. 1941-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நாட்டின் நாலா மூலைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கே வந்து சேருகிறார்கள். பாயும் போர்வையுமாக நடைபாதையில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். சின்னஞ்சிறு மாத்திரை. நோய் அடங்கிய பிறகு, அது திரும்பி வராமல் இருக்க வாரம் ஒரு முறை கொடுப்பார்கள். அந்த மாத்திரைக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்கப் புறப்பட்ட சிறுவன்

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைகள் பல; வருமானம் குறைவு.

13 வயதில் சுப்பாராவுக்கு ஒரு யோசனை தோன்றியது. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையப் பணம் சேர்க்கலாம்! வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டார். தாயார் வெங்கம்மா விடவில்லை. தேடிப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

தந்தை காலமான பிறகு, நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தவரும் அந்தத் தாயார்தான். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி.

அந்த வயதில் அவருக்குச் சந்நியாசி ஆகும் ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தை நாடினார். மடத்துப் பெரியவர்கள் அவரை வைத்தியம் படித்து மக்களுக்குச் சேவை செய்யச் சொன்னார்கள். அதன்படி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் செய்த வினை

காந்தியடிகள் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் அறையில் அணியும் உடையையும் கதரில் தைத்துக்கொண்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் இல்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

இதற்கிடையே குடும்பத்தில் இடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர், ஒருவர் பின் ஒருவராக, சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய். தின்பது உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றி, ஆள் கரைந்துபோகும் வியாதி. டாக்டருக்குப் படித்தவர் வீட்டில் இருந்தும் காப்பாற்ற மருந்து இல்லை.

இரவில் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி

1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மாமனார் திரட்டிய பணமும், காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் கைகொடுத்தன. மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார். சில வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று போனவர், பிறகு ஒரு நாளும் இந்திய மண்ணை மிதிக்கவில்லை.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்ப் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் வேலை! பகலில் பாடம், இரவில் பாத்திரம் என்று காலம் ஓடியது.

பிறகு ஃபிஸ்கே என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் இருவரும் வெளியிட்டார்கள். இன்றும் அது ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே வழங்குகிறது. தசை வேலை செய்யச் சக்தி தரும் பொருள்களையும் கண்டார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. அதே 1929-ல் ஜெர்மனியில் லோமானும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை.

1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சித் துறையின் தலைவரானார். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை, 1947-ல் அவர் தலைமையில் வெளிவந்ததுதான்.

பம்பாய் மில் பெண்களும் கீரையும்

ரத்தப் புற்றுநோய் மருந்தின் கதைக்கு ஒரு முனை பம்பாயிலேயே இருக்கிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தசோகையால் மடிவதற்குக் காரணம் தேடினார். பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான சத்துப்பசையைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931-ல் இதை வெளியிட்டார். அந்தப் பசையில் இருந்த சத்து இன்னது என்று அப்போது தெரியாது.

1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையைக் கசக்கி ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர். மில் பெண்களைக் காப்பாற்றியதும் இதே சத்துதான். 1945-ல் சுப்பாராவின் குழு இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது. கீரையையும் ஈரலையும் நம்பியிருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. சகோதரர்களைப் பறிகொடுத்து சுமார் 25 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து அவர் கையிலேயே வந்து சேர்ந்தது.

விபரீதமாக முடிந்த முதல் முயற்சி

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்வதே அவர் வேலை. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர்.

ஃபோலிக் அமிலம் ரத்தத்தை ஊற வைக்கிறதே, இந்த நோய்க்கும் உதவாதா என்று அவர் நினைத்தார். லெடர்லேயிலிருந்து அந்த வகைப் பொருள்கள் வந்தன. கொடுத்துப் பார்த்ததில் பலன் விபரீதமாக இருந்தது. நோய் அடங்கவில்லை, இன்னும் வேகமாகப் பரவியது.

அத்துடன் முயற்சியைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தோல்வியில்தான் வழி தெரிந்தது. புற்று அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைத் தடுத்தால் பெருக்கமும் நிற்க வேண்டும் அல்லவா?

சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் அதற்கும் பொருள் இருந்தது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஒரு மூலையில் மட்டும் சின்ன மாற்றம் செய்த பொருள். அதுவே அமினோப்டெரின். பூட்டுக்குள் நுழைந்துவிடும், ஆனால் திறக்காது. அசல் சாவியையும் உள்ளே விடாது. கள்ளச் சாவி போன்றது. புதிய அணுக்கள் உண்டாவது அங்கேயே நின்றுபோகும்.

16 குழந்தைகள்

1947-ம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரின் ஊசியைக் கொடுக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலேயே எதிர்ப்பு இருந்தது. சாகப்போகும் குழந்தைகளை நிம்மதியாகச் சாக விடக்கூடாதா என்பது மற்ற டாக்டர்களின் எண்ணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மருந்து கொடியது. வாயெல்லாம் புண் வந்தது. அளவு கூடினால் மருந்தே கொல்லும்.

1948 ஜூன் 3-ந் தேதி முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்ற குழந்தைகள் 16 பேர். அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. ரத்தம் சீரானது. படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். ஆனால் இந்தத் தணிவு தற்காலிகமானது என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே ஃபார்பர் சொல்லிவிட்டார். சில மாதங்களில் நோய் திரும்பியது. மருந்து பிறகு கேட்கவில்லை.

இதற்கு முன் 1942-ல் யேல் பல்கலைக்கழகத்தில் லிம்ஃபோமா கண்ட ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்டு கொடுத்தபோதும் இதேதான் நடந்தது. கட்டி கரைந்தது, மறுபடி வளர்ந்தது. முதல் சோதனைக்கு உட்பட்டவர்களுக்குக் கிடைத்தது சில வாரமோ மாதமோதான். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

இன்று இத்தகைய முதல் கட்டச் சோதனைக்கு வரைமுறை உண்டு. சிறு எண்ணிக்கையில் மட்டும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று அறிவதே முதல் நோக்கம். குணமாகும் என்று வாக்குறுதி தருவதில்லை. இந்தியாவில் 2019-ம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும், சேருகிறவரின் எழுத்துமூலச் சம்மதமும் கட்டாயம். படித்துப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அது. வேண்டாம் என்று விலகவும் உரிமை உண்டு.

பார்க்காமல் போனவர்

அந்த 16 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை எழுதியவர்கள் ஐந்து டாக்டர்கள். அந்த வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. கட்டுரை வெளியான இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் அவர் காலமானார். வயது 53.

அமினோப்டெரினின் அமைப்பில் இன்னும் ஒரு சிறு மாற்றம் செய்து அவருடைய குழு உண்டாக்கியதே மெத்தோட்ரெக்ஸேட். 1956-ல் கர்ப்பப்பையில் வரும் ஒரு வகைப் புற்றுநோயை அது முற்றிலும் குணப்படுத்தத் தொடங்கியது. 1962-ல் அமெரிக்க டாக்டர்கள் அதையும் வேறு மூன்று மருந்துகளையும் சேர்த்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். தனி மருந்துக்கு மசியாத நோய் கூட்டு மருந்துக்குப் பணிய ஆரம்பித்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் பர்க்கிட் லிம்ஃபோமாவுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் பயன்பட்டது. மூளையில் வரும் லிம்ஃபோமாவுக்கு இன்றும் அதுதான் முக்கிய மருந்து. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் ரத்தப் புற்றுநோயில், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், இப்போது பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

1995-ல் இந்திய அரசு சுப்பாராவுக்குத் தபால் தலை வெளியிட்டது. பிறந்து நூறு வருஷம் ஆன பிறகு! மாத்திரை அட்டையில் கம்பெனி பெயர் இருக்கும், விலை இருக்கும், அவர் பெயர் இருக்காது. லூசி வில்ஸ் மில் பெண்களுக்காக ஆராய்ச்சி செய்த அதே மும்பையில், பரேல் நடைபாதையில் தங்கியிருக்கும் தாய் ஒருத்தி, டாக்டர் சொன்ன கிழமையில் பிள்ளையின் வாயில் அந்த மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுக்கிறாள். நகையை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த வெங்கம்மாவின் மகன் அவளுக்குச் செய்த உதவி அது.