நாணலைக் கரும்போடு சேர்த்த டி.எஸ்.வெங்கட்ராமன்

பொங்கல் நெருங்கினால் தாராவி 90 அடி சாலையில் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கும். கறுத்த தோல், தடித்த கணு. கடித்தால் வாய் நிறையச் சாறு. பண்டிகைக்கு வேண்டியது அந்தக் கரும்பு.

ஆனால் டீயில் கலக்கும் சீனியும், கடையில் வாங்கிக் குடிக்கும் கலர் சோடாவில் உள்ள சீனியும் அந்தக் கரும்பில் இருந்து வருவது இல்லை. ஆலைக்குப் போவது வேறு கரும்பு. அதன் பாட்டன்களில் ஒருவன், ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல்.

நாணலின் உரத்தையும் கரும்பின் இனிப்பையும் ஒரே செடியில் கொண்டு வந்த பணியில் 30 ஆண்டுகளைக் கழித்தவர் ஒரு தமிழர். அவர் சர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

பாட்டிலில் என்ன இனிப்பு?

நம் ஊரில் விற்கும் குளிர்பானப் பாட்டிலின் மேல் ஒட்டியுள்ள தாளைப் பார்த்தால், பெரும்பாலும் "சர்க்கரை" என்று இருக்கும். அமெரிக்காவில் அதே பானத்தின் தாளில் மக்காச்சோளப் பாகு என்று இருக்கும்.

மக்காச்சோள மாவை நொதிகளின் உதவியால் இனிப்புப் பாகாக மாற்றும் தொழில் 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே சோளம் மலிவு. வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு இருந்ததால் சர்க்கரை விலை அதிகம். 1980-ல் கோகோ கோலா நிறுவனம் பாதி அளவு சோளப் பாகு சேர்க்க அனுமதித்தது. 1984-ல் கோகோ கோலாவும் பெப்சியும் முழுவதும் சோளப் பாகுக்கு மாறின.

கரும்புச் சர்க்கரை சேர்த்த பானம்தான் ருசி என்று சொல்லி, மெக்சிகோவில் இருந்து வரும் பாட்டில்களை அமெரிக்கர்கள் தேடி வாங்கினார்கள். 2025 ஜூலையில் கோகோ கோலா நிறுவனம், அமெரிக்காவிலும் கரும்புச் சர்க்கரை சேர்த்த பானத்தை விற்கப் போவதாக அறிவித்தது.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை எழவில்லை. 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியபோதும், தம்ஸ் அப் போன்ற உள்நாட்டு பானங்கள் அந்த இடத்தைப் பிடித்தபோதும், 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்தபோதும் பாட்டிலுக்குள் போனது கரும்புச் சர்க்கரைதான். காரணம், நம்மிடம் கரும்பு இருந்தது. எப்போதும் அப்படி இருந்ததா என்றால், இல்லை.

கப்பலில் வந்த சீனி

தினஷாஜி பண்டோல் என்ற பார்சி கிரிக்கெட் வீரர் 1889-ல் பம்பாயில் ட்யூக் சோடா கம்பெனியைத் தொடங்கினார். பின்னாளில் செம்பூரில் இருந்த அதன் தொழிற்சாலையைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1994-ல் அந்தக் கம்பெனி பெப்சியின் கைக்குப் போனது.

பண்டோல் சோடா போடத் தொடங்கிய காலத்தில் பம்பாய் துறைமுகத்துக்கு வெள்ளைச் சர்க்கரை கப்பலில் வந்தது. மொரீஷியஸ் சர்க்கரை, பிறகு ஜாவா சர்க்கரை. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் பஞ்சம் இல்லாத நாடு, வெள்ளைச் சீனிக்கு வெளிநாட்டை நம்பி இருந்தது.

வட இந்தியாவில் கரும்பு விளையாமல் இல்லை. ஆனால் அது விரல் தடிமன்தான். பனியையும் வறட்சியையும் தாங்கும், சாறு குறைவு. தெற்கே விளையும் தடித்த கரும்பில் சாறு உண்டு. ஆனால் வடக்கே கொண்டு போய் நட்டால் குளிரில் படுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கரும்பு வேண்டும்.

அதற்காக 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கோவைக்கு அந்த வாய்ப்பு வந்தது ஒரு பூவால்.

பூத்தால்தான் புது இனம்

விவசாயி கரும்பை விதை போட்டு வளர்ப்பது இல்லை. கணுவோடு வெட்டிய கரணையை நடுகிறார். கரணையில் இருந்து வருவது தாய்க் கரும்பின் மறு பதிப்பு. எத்தனை ஆண்டு நட்டாலும் அதே குணம்.

புது இனம் வேண்டும் என்றால் பூ வேண்டும், விதை வேண்டும். கரும்பின் விதை முளைக்கும் என்பதே 1888 வாக்கில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் உறுதியான செய்தி. வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூப்பது இல்லை. கோவையின் காற்றிலும் வெயிலிலும் தாராளமாகப் பூத்தது.

நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர். அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர் வெங்கட்ராமன். 1884 ஜூன் 15-ந் தேதி பிறந்த அவருக்கு அப்போது வயது 28.

வெள்ளையும் நாணலும்

தென்னாட்டில் அப்போது "வெள்ளை" என்று ஒரு தடித்த கரும்பு உண்டு. பெயர் தமிழ்ப் பெயர். அந்தப் பெயரே இன்று உலகத்துக் கரும்பு ஆராய்ச்சி நூல்களில் நிலைத்துவிட்டது. அந்த வெள்ளைக் கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள்.

நாணலுக்கும் கரும்புக்கும் உறவு உண்டு என்றாலும், இனிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பேய்க்கரும்பு இனித்தது என்றால் அது பட்டினத்தாருக்குத் திருவொற்றியூரில் நடந்த அற்புதம் என்றுதான் நம்மவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் நாணலுக்கு வேறு செல்வம் இருந்தது. வெள்ளத்தில் நின்றாலும் அழுகாது. வறண்டாலும் சாகாது. நோய் எளிதில் அண்டாது.

கரும்பு விதை பஞ்சோடு ஒட்டிய தூசி போல் இருக்கும். ஒரு பூவில் இருந்து வரும் நாற்றுகளில் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒன்று நாணலாகவே போகும். ஒன்று தடிக்கும், இனிக்காது. ஒன்று இனிக்கும், சாயும். ஆயிரக்கணக்கில் வளர்த்து, சாறு பிழிந்து பார்த்து, கழித்துக் கழித்து ஒன்றோ இரண்டோ மிஞ்சும். மிஞ்சியதற்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஒரு இனம் வயலுக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமைதான் வேலை.

அப்படி மிஞ்சியது கோ 205. 1918-ல் அது பஞ்சாப் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் நாணல் ரத்தம் கலந்த முதல் ஆலைக் கரும்பு அதுவே. உள்ளூர்க் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது.

உதவியாளர் தலைவரானார்

1919-ல் பார்பர் ஓய்வு பெற்றார். ஏழு ஆண்டு உதவியாளராக இருந்த வெங்கட்ராமன் அந்த நாற்காலிக்கு வந்தார். பெரிய பதவிகள் வெள்ளையருக்கே என்று இருந்த காலம் அது. அரசாங்கக் கரும்பு நிபுணர் என்ற அந்தப் பொறுப்பில் 1942 வரை இருந்தார்.

அவர் காலத்தில் வந்த கரும்புகளின் வரிசை நீளமானது. இரண்டு இனங்களைச் சேர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. தெற்கத்தித் தடிக்கரும்பு, வடக்கத்தி மெல்லிய கரும்பு, நாணல் ஆகிய மூன்றின் குணமும் ஒரே கரும்பில் சேர்ந்தன. கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மண்ணுக்குப் பொருந்தின.

1932-ல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது நாட்டில் சுமார் 30 ஆலைகள். ஐந்தாறு ஆண்டில் 130-ஐத் தாண்டின. ஜாவா சர்க்கரை வரவு ஏறக்குறைய நின்றே போனது. சட்டம் ஆலையைக் கட்ட உதவும். ஆலைக்குப் போடக் கரும்பு வேண்டும். அந்தக் கரும்பு கோவையில் தயாராக இருந்தது.

கடல் கடந்த கரும்பு

1860-ல் சென்னையில் இருந்து கப்பல் ஏறிய தமிழ்க் கூலிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் இறங்கினார்கள். அதன் பிறகு 70 ஆண்டு கழித்து அந்தத் தோட்டங்களைப் பழைய கரும்பு கைவிட்டபோது, அங்கே போய்ச் சேர்ந்தது கோவையின் கோ 281, கோ 301.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1920-களில் தேமல் நோய் கரும்பை அழித்தது. அங்கே தொழில் மீண்டும் எழுந்து நிற்கக் கை கொடுத்த இனங்களில் கோ 281, கோ 290 இரண்டும் உண்டு. பின்னாளில் சோளப் பாகுக்கு மாறிய அதே நாட்டின் கரும்பு வயல்களில் ஒரு காலத்தில் நின்றது கோயம்புத்தூர்க் கரும்பு.

ஏழை விவசாயிக்கு ஒரு ஆண்டுப் பயிர் பாரம். வெங்கட்ராமன் கரும்போடு சோளத்தைச் சேர்த்துப் பார்த்தார். சில மாதத்தில் வெட்டும் கரும்பு வருமா என்பது நோக்கம். கரும்போடு மூங்கிலையும் சேர்த்துப் பார்த்தார். இந்த முயற்சிகளில் பிறந்த செடிகள் ஆலைக்கு வரவில்லை. உலக அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன.

அதே நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணிபுரிந்தவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். அவர் கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் காட்டினார். பெண் என்பதாலும் சாதியாலும் அங்கே அவருக்கு நிம்மதி இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கோவையின் புகழைச் சொல்லும்போது அதையும் சொல்ல வேண்டும்.

1937-ல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைமை வகித்தார். செடிகளைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். அதன் நேற்று, இன்று, நாளை.

மராட்டிய மண்ணில்

அவர் காலத்துக் கரும்புகளில் தக்காண மண்ணுக்கு மிகவும் பிடித்தது கோ 419. ஜாவாவில் உருவான ஒரு புகழ் பெற்ற கரும்பையும் கோவையின் கோ 290-ஐயும் சேர்த்துப் பிறந்தது. பம்பாய் மாகாணத்து ஆலைகளுக்கு அது பல ஆண்டு தீனி போட்டது.

1950-ல் அகமதுநகர் மாவட்டத்து லோணியில் விட்டல்ராவ் விகே பாட்டீல் முயற்சியில் பிரவரா கூட்டுறவு சர்க்கரை ஆலை எழுந்தது. அதைப் பார்த்து மராட்டியம் எங்கும் கூட்டுறவு ஆலைகள் வந்தன. கோ 419-க்குப் பிறகு கோ 740. அதற்கும் பிறகு கோ 86032. எல்லாம் கோவைக் கரும்புகளே.

சாத்தாரா மாவட்டம் பாடேகாவில் மராட்டியத்தின் சொந்தக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்த இனங்களுக்கும் "கோஎம்" என்றே பெயர். எம் என்பது மராட்டியம். முதலில் நிற்கும் கோ என்பது கோயம்புத்தூர். பூவோடு பூவைச் சேர்த்து விதை எடுப்பது கோவையில் என்பதால், பல மாநிலங்களின் இனங்களுக்கும் அந்த எழுத்து முன்னால் வரும்.

இனிப்பின் மறுபக்கம்

கரும்புச் சர்க்கரை என்றதும் உடம்புக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சோளப் பாகு, கரும்புச் சீனி இரண்டிலும் இருப்பது குளுக்கோசும் பிரக்டோசும்தான். அளவு மீறினால் இரண்டும் ஒன்றே. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாட்டிலில் எந்த இனிப்பு இருந்தாலும் ஆகாது.

கரும்பு தண்ணீரை அதிகம் குடிக்கும் பயிர். மழை பொய்க்கும் மராட்டிய மாவட்டங்களில் அது ஒரு தீராத வழக்கு. பீட் மாவட்டத்தில் இருந்து ஆண்டுதோறும் குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போகிறவர்களின் பாடு, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. கரும்பை இனிக்க வைப்பது ஆராய்ச்சியாளரால் முடியும். வெட்டுகிறவனுக்கு நியாயமான கூலி கொடுப்பது வேறு கையில் இருக்கிறது.

பெயர் எங்கே?

ஆங்கில அரசு வெங்கட்ராமனுக்கு ராவ் பகதூர், சர் பட்டங்களைக் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் விருது வழங்கியது. 1963 ஜனவரி 18-ந் தேதி அவர் காலமானார்.

அவர் வளர்த்த எந்தக் கரும்புக்கும் அவர் பெயர் இல்லை. அவருக்கு மேலதிகாரியாக இருந்த பார்பரின் பெயர் வட இந்திய மெல்லிய கரும்பின் அறிவியல் பெயரில் இருக்கிறது. வெங்கட்ராமனின் கரும்புகளில் இருப்பது ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் ஒரு எண்ணும் மட்டுமே.

கோலாப்பூரிலும் சாங்கிலியிலும் விவசாயி எந்த இனத்தை நட்டிருக்கிறார் என்பதை ஆலைக்காரர்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூரை ஒரு நாளும் பார்த்திராத அந்த மராட்டிய எழுத்தரின் கை, இனத்தின் பெயரை எழுதும் இடத்தில் முதலில் எழுதுவது கோ.